மேஜர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்

முதல் நாள்

ஆவடியில் ராணுவக் குடியிருப்புக்குள் இருந்த குடும்ப நல மையத்தில் டைப்ரைட்டிங் டீச்சராக நான் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். ராணுவ வீரர்களின் மனைவிமார்களுக்கு லோயர், ஹையர் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு மெஷின், ஒரு கரும்பலகை, மேலே ஒரு ஃபேன். இவ்வளவுதான் மையம்.

கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனபோது நரைத்த மீசையோடு ஒருவர் எதிரே வந்தார். தோளில் சிங்க முத்திரை. முந்தின இரவே என் தம்பி சொல்லி அனுப்பியிருந்தான், தோளில் சிங்கம் இருந்தால் மேஜர் என்று. நான் நின்று, "குட் மார்னிங் மேஜர் சார்" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, வந்த அன்னிக்கே என்னை மாட்டி விடுறீங்களா? நான் மேஜர் இல்ல, சுபேதார் மேஜர். சிங்கத்துக்குக் கீழ சிவப்பு மஞ்சள்ல ரிப்பன் இருக்கு பாருங்க. அது இருந்தா ஜேசிஓ, ஆபீசருக்கு ஒரு படி கீழ. இல்லேன்னா ஆபீசர். என்னை சாப்னு கூப்பிடுங்க, போதும்."

அவர் பெயர் முனுசாமி. வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்த யூனிட்டில் ஆபீசர்களுக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் மூத்தவர். அன்று மத்தியானம் தானே மையத்துக்கு வந்து, கரும்பலகையில் எனக்கு ரேங்க் பாடம் நடத்தினார். சிப்பாய்க்குக் கையில் ஒன்றும் கிடையாது. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு பட்டை நாயக், மூன்று பட்டை ஹவில்தார். அதற்கு மேலே நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இதற்கெல்லாம் மேலேதான் லெப்டினன்ட், கேப்டன், மேஜர் வரிசை.

"இன்னொண்ணு டீச்சர். கம்பெனி ஹவில்தார் மேஜர்னு ஒரு பொறுப்பு இருக்கு. ஆள் ஹவில்தார்தான். ஒரு கம்பெனி, அதாவது நூறு நூத்தம்பது பேர், முழுக்க டிசிப்ளின் அவர் கையில. பசங்க சுருக்கமா மேஜர்னு கூப்பிடுவாங்க. வெளியில இருந்து கேக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்."

பிறகு நான் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க, கொரட்டூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற ஆளாகிவிட்டேன். கேப்டன் பெரியவரா, சுபேதார் பெரியவரா? பதினைந்து வருஷ சர்வீஸில் பென்ஷன் உண்டா? லீவில் வந்தவரைத் தந்தி கொடுத்துத் திரும்பக் கூப்பிடுவார்களா? பால் பூத்துக்காரர் மட்டும் வேறு கேள்வி கேட்பார். "இன்னா டீச்சர், மிலிட்டரி ரம்மு ஒண்ணு கெடிக்குமா?" என்னால் டைப்ரைட்டர் ரிப்பன்தான் தர முடியும் என்று சொல்லி அனுப்புவேன்.

பெரேட் மைதானத்துக் குரல்

மையத்தின் ஜன்னலுக்கு நேரே பெரேட் மைதானம். காலை வகுப்பு தொடங்கும்போது அங்கே டிரில் நடக்கும். அதை நடத்திய கம்பெனி ஹவில்தார் மேஜர் தயாளனைப் பற்றி நான் நியாயமாகத்தான் எழுத வேண்டும். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவர் கட்டளை கொடுத்தால் மறு கோடியில் நிற்கிறவனின் முதுகு நிமிரும். அத்தனை பூட்ஸும் தரையில் ஒரே சத்தமாக இறங்கும். என் மாணவிகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். மனிதர்களை இப்படிக்கூட ஒன்றாக்க முடியுமா என்று உடம்பு சிலிர்க்கும்.

ஒருத்தி மட்டும் பார்க்க மாட்டாள். மூலை மெஷினில் உட்கார்ந்து, கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்காமல் அடித்துக்கொண்டே இருப்பாள். அவள் வனஜா. தயாளனின் மனைவி.

"உங்க வீட்டுக்காரர்தானே? பெருமையா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா பண்ணுவாரு அக்கா. அதுல குறையே சொல்ல முடியாது" என்றாள். மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

அவள் ஹையர் பாஸ் செய்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். அவர் அவளை அடித்ததில்லை. வீட்டில் அவர் நுழைந்தால் அவளும் மகள் நித்யாவும் செய்வதை விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அன்று மைதானத்தில் அவரை யார் பாராட்டினார்கள் என்பதை முழுக்கக் கேட்க வேண்டும். கேட்கும்போது முகத்தில் ஆச்சரியம் குறைந்தால் பேச்சு நின்றுவிடும். பதினைந்து நாள், இருபது நாள் ஒரு வார்த்தை இருக்காது. பிறகு ஒரு சாயங்காலம் மல்லிகைப் பூவோடு வந்து, அவள் மடியில் தலை வைத்து அழுவார். தன்னைப் புரிந்துகொள்ள உலகத்தில் யாருமே இல்லை என்பார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் சிரித்துப் பேசினால், தன்னைப் பற்றித்தான் சிரித்தாள் என்று மறுபடி தொடங்கும்.

"ஊட்ல அவர் மட்டும்தான் அக்கா இருப்பாரு. நானும் நித்யாவும் அவரைப் பார்க்கிறதுக்கு வந்தவங்க" என்றாள்.

இப்போது இதற்கு நார்சிஸ்ட் என்று ஒரு வார்த்தை எல்லோர் வாயிலும் இருக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது தலைக்கனம் என்கிற வார்த்தைதான். அது அவருக்குப் போதாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

விவாகரத்துக்குப் பிறகு

இரண்டு பேரும் சம்மதித்துத்தான் பிரிந்தார்கள். தனக்கு இவளைவிட நல்ல பெண் கிடைப்பாள் என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார். வனஜா மகளோடு கொரட்டூருக்கு வந்து, ஏரிக் கரைப் பக்கம் ஒரு போர்ஷனில் குடியேறினாள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

அவள் விட்டுவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு அவள் வேண்டியிருந்தது. மனைவியாக அல்ல. தன்னை வேண்டாம் என்று சொன்ன ஒருத்தி நிம்மதியாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பூந்தமல்லியில் ஒரு நர்சரி பள்ளியில் வனஜா ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது மாதம் தயாளன் முழு யூனிஃபார்மில் போய் நின்றார். "நான் மேஜர் தயாளன்" என்றார். கண் கலங்க, தன் மனைவிக்குப் புத்தி சரியில்லை, குழந்தைகள் இருக்கிற இடம், எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் சொல்ல வந்தேன் என்றார். எப்படிப்பட்ட கணவன் என்று பள்ளியை நடத்திய அம்மாள் உருகிப்போய், அன்று மாலையே வனஜாவை நிறுத்திவிட்டாள். பிறகு ஆவடியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அங்கேயும் அதே கதை. இரண்டு இடத்திலும் அவர் குரலை உயர்த்தவில்லை. யாரையும் மிரட்டவில்லை. எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

மூன்றாவது வேலைக்கு நான்தான் சொல்லிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே பர்சனல் ஆபீசர் ஜெயசீலன் எங்கள் சர்ச்சுக்கு வருபவர். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இன்வாய்ஸ் அடிக்க ஆள் வேண்டும் என்றார். வனஜாவின் வேகத்தைப் பார்த்துவிட்டு அன்றே எடுத்துக்கொண்டார்.

நான்கு மாதம் நல்லபடியாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஜெயசீலன் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"ரெஜினா, நீ அனுப்பின பொண்ணு விஷயமா ஒரு மேஜர் வந்துட்டுப் போனார். ரொம்ப டீசென்டான மனுஷன். அந்தப் பொண்ணுக்கு மனநிலை சரியில்லையாம். ஸ்டோர்ல ஆயில் இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு கேக்கிறார். நாளைக்கு மறுபடி வர்றேன்னார். நீயும் வந்துடு. அவளையும் வச்சுக்கிட்டே பேசிடலாம்."

அன்று சாயங்காலம் வனஜா வீட்டுக்குப் போனேன். அவள் நித்யாவின் புத்தகங்களுக்கு பிரவுன் பேப்பர் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.  அவள் மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினாள்.

எனக்குத்தான் கொதித்தது. "பேசாம இரு. நாளைக்கு நான் கேக்கிறேன். நீ மேஜரா, ஹவில்தாரா, கையில என்ன மூணு பட்டைன்னு எல்லார் முன்னாலயும் கேக்கிறேன்" என்றேன்.

"வேணாம் அக்கா."

"ஏன் வேணாம்? பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

"ரேங்க்கைப் பத்திப் பேச்சு எடுத்தீங்கன்னா பேச்சு அங்கேயே நின்னுடும். யூனிட்ல எல்லாரும் என்னை மேஜர்னுதான் கூப்பிடுறாங்கம்பாரு. அது நெசமும்தான். அரை மணி நேரம் ரேங்க்கைப் பத்திப் பாடம் எடுப்பாரு. கடைசியில நாமதான் ஒண்ணும் தெரியாதவங்களா ஆயிடுவோம்."

"அப்போ நீயாவது பேசு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"நான் பேசினா அழுதுடுவேன். அழுதா, பார்த்தீங்களா சார்னுவாரு." புத்தகத்தின் மேல் லேபிளை ஒட்டினாள். "அவரைப் பேச விடுங்க அக்கா. குறுக்க யாரும் பேசாம இருந்தாப் போதும். எல்லாத்தையும் அவரே சொல்லிடுவாரு."

எனக்குப் புரியவில்லை. பயத்தில் ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "மேஜர் சாரு வந்து உள்ள குந்திகினு கீறாரு மேடம். இன்னா பர்சனாலிட்டி தெரியுமா? எனக்கே கை குட்த்தாரு" என்றார்.

ஜெயசீலனின் அறையில் தயாளன் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட யூனிஃபார்ம், மடியில் தொப்பி, மேஜையின் மேல் சின்னப் பிரம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். வனஜா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். டீ வந்தது.

ஜெயசீலன் எப்போதும் மெதுவாகப் பேசுபவர். வந்தவரைச் சகஜமாக்குவதற்காகச் சாதாரணமாகத்தான் தொடங்கினார். "சொல்லுங்க மேஜர். குழந்தை எந்த ஸ்கூல்ல படிக்குது?"

"ஸ்கூல்... படிப்புல என்னை மாதிரி சார். நான் ஒன்பதாவது படிக்கும்போதே மாவட்ட அளவுல ஓடினவன். எங்க பி.டி. மாஸ்டர் என்னைப் பார்த்துட்டு, நீ இந்த ஊர்ல இருக்க வேண்டியவனே இல்லேன்னாரு."

"சரி சரி. இப்போ எந்த கிளாஸ்?"

"சின்னக் கிளாஸ்தான் சார். அதெல்லாம் பொம்பளைங்க பார்த்துக்கிற விஷயம். எனக்கு நேரம் எங்க? யூனிட்ல ஒரு ஃபங்ஷன்னா என்னைத்தான் தேடுவாங்க. போன தடவை ஜெனரல் வந்தப்போ என் டிரில்லைப் பார்த்துட்டு, யாருப்பா இந்த ஆள்னு கேட்டாரு."

ஜெயசீலன் டீயைக் குடித்தார். குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். வனஜா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

தயாளன் பேசிக்கொண்டே இருந்தார். ஜெனரல் கை கொடுத்தது. பனி மலையில் மூச்சு முட்டின பையனை இவர் தோளில் தூக்கி வந்தது. தான் ஒரு வார்த்தை சொன்னால் நூறு பேர் நிற்பது. அவையெல்லாம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கதை எங்கே தொடங்கினாலும் அவரிடமே வந்து முடிந்தது. வனஜாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. நித்யாவின் பெயரும் வரவில்லை. பேசப் பேச அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது. வந்த காரணத்தையே மறந்துவிட்டார் என்று தோன்றியது.

ஜெயசீலன் டம்ளரைக் கீழே வைத்தார். "இவங்களுக்கு மனநிலை சரியில்லைன்னு சொன்னீங்களே, எந்த டாக்டர் பார்த்தார்? அந்தச் சீட்டு ஏதாவது இருந்தா கம்பெனி டாக்டர்கிட்டக் காட்டலாம்."

"டாக்டர் எதுக்கு சார்?" தயாளன் சிரித்தார். "என்னையே வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கா. இதைவிட வேற என்ன வேணும்? புத்தி சரியா இருக்கிறவ செய்யிற வேலையா இது?"

வெளியே லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தான் சொன்னது என்ன என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. உலகத்திலேயே மிக எளிமையான உண்மையைச் சொல்லிவிட்டவர் போலப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பிரவுன் பேப்பரை மடித்துக்கொண்டே அவள் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்து முடிந்திருந்தது.

"புரிஞ்சுது" என்றார் ஜெயசீலன். "வந்ததுக்கு நன்றி. நான் பார்த்துக்கிறேன்."

தயாளன் முகம் மெல்ல மாறியது. "பார்த்துக்கிறேன்னா? எப்போ நிறுத்துவீங்க?"

"நிறுத்தறதுக்குக் காரணம் எதுவும் இல்லையே."

கண் சிவந்தது. பிரம்பை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். எங்கே இருந்து யார் யாரை வரவழைப்பேன் தெரியுமா என்றார். ஜெயசீலன் அசையவில்லை. அடுத்த நிமிடமே குரல் உடைந்தது. வனஜா பக்கம் திரும்பி, "வனஜா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லு. என்னை இந்த மனுஷன் முன்னால இப்படி உட்கார வைக்கலாமா?" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

வனஜா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. "டீ ஆறிப்போச்சு. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

பிறகு ஜெயசீலனிடம், "டெஸ்பாட்ச்ல லாரி நிக்குது சார். இன்வாய்ஸ் பாக்கி இருக்கு. போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார். அவள் எழுந்து போனாள். சற்று நேரத்தில் டெஸ்பாட்ச் பக்கமிருந்து டைப்ரைட்டர் சத்தம் வந்தது. அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். நான் சொல்லிக்கொடுத்தது. அன்று அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, நான் இவளுக்கு எதையுமே சொல்லிக்கொடுத்துவிடவில்லை என்று தோன்றியது.

மத்தியானம் கேன்டீனில் அவளைப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். மணி அடித்த பிறகுதான் எழுந்தோம்.

சுபேதார் மேஜர் கேட்ட கேள்வி

ஜெயசீலன் அதோடு விடவில்லை. ஒரு மேஜர் இப்படி நடந்துகொள்ளலாமா என்று யூனிட்டுக்கு போன் செய்தார். அந்தப் பெயரில் எங்களிடம் மேஜர் யாரும் இல்லையே என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு உள்ளே விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை.

முனுசாமி சாப் என்னிடம் வந்து, வனஜாவை மையத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். அவள் வந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வெளியில போய் இல்லாத ரேங்க்கைச் சொல்றது சின்னக் குத்தம் இல்லம்மா. நீ எழுதிக் குடுத்தா எங்க கமாண்டிங் ஆபீசர், சிஓ சாப், விட மாட்டார். பட்டை போயிடும். மூணும் போகலாம். என்ன சொல்றே?"

இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பேனாவைக் கேட்டிருப்பேன்.

"பட்டையை எடுக்க வேணாம் சாப்" என்றாள் வனஜா.

"ஏன், பாவம்னு பார்க்கிறியா?"

"பாவம் இல்ல சாப். அவருக்கு இருக்கிறது அந்தப் பட்டை ஒண்ணுதான். அது போச்சுன்னா, போனதுக்குக் காரணம் நான்னு சாகுற வரைக்கும் என் பின்னாலேயே வருவாரு. எனக்கு அவர் தோக்கணும்னு இல்ல. அவர் என்னை மறக்கணும். தூரமா, நல்ல இடமா, டிரில் நெறைய இருக்கிற இடமாப் பார்த்து அனுப்பிடுங்க. நாலு பேர் கை தட்டினா என்னை நெனைக்க மாட்டாரு."

முனுசாமி சாப் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "டீச்சர், எதிரியைச் சுத்தி வளைச்சாலும் அவன் ஓடுறதுக்கு ஒரு பக்கம் தொறந்து விடணும்னு எங்களுக்கு கிளாஸ் வச்சுச் சொல்லித் தருவாங்க. பாதிப் பேருக்கு சண்டைல அது ஞாபகம் வராது. இந்தப் பொண்ணு எங்க படிச்சா?"



சிஓ தயாளனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வருஷமே வடக்கே ஒரு டிரெய்னிங் சென்டருக்கு, புதுப் பையன்களுக்கு டிரில் சொல்லித்தரும் வேலைக்கு மாற்றினார்கள். போகும்போது தனக்குக் கிடைத்த மரியாதை அது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாராம். அம்பத்தூர் பக்கம் அவர் பிறகு வரவே இல்லை.

நான் கற்றுக்கொண்டது

மையத்திலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ பெண்கள் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பிரிந்த பிறகும் புருஷன் ஊரெல்லாம் அவதூறு பேசுகிறான், நான் போய் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டுமா என்று. எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. அடிக்கிறவனிடம் இது செல்லாது. அதற்குப் போலீஸும் கோர்ட்டும்தான். ஜெயசீலனைப் போலக் காது கொடுத்துக் கேட்கிற ஒருவர் எதிரே இருந்ததும் எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கத் தெரியாத ஒருவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பதை வனஜாவிடம் கற்றேன். அவரைப் பேச விட வேண்டும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். வெளியே போக அவருக்கு ஒரு வழியும் விட வேண்டும், அவருக்காக அல்ல, நமக்காக.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, கொரட்டூர் ஸ்டேஷனில் வனஜாவைப் பார்த்தேன். அப்போது அவள் டெஸ்பாட்ச் முழுவதற்கும் சூப்பர்வைசர். நித்யா காலேஜில் சேர்ந்திருந்தாள். முந்தின வாரம்தான் எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"தயாளன் நாயிப் சுபேதார் ஆயிட்டாராம்."

அவள் முகத்தைக் கவனித்தேன். ஒரு தெருவில் எப்போதோ குடியிருந்தவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்படியா? டிரில் நல்லா பண்ணுவாரு அக்கா. குடுக்க வேண்டியதுதான்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. லேடீஸ் பெட்டி முன்னால் போய் நின்றது. வனஜா புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஏறி நின்று திரும்பி, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கக்கா, நித்யா உங்களுக்கு மீன் கொழம்பு வச்சுத் தர்றேன்னா" என்று சத்தமாகச் சொன்னாள்.